இருசக்கர வாகனத்தில் நான்கு காளைகள்

தமிழ்ச்செல்வியின் உயரம் நாலடி எட்டு அங்குலம். அவள் செய்யும் தொழிலுக்கு அது தாராளம். மோகனூருக்கு மேற்கே வாய்க்கால் கரையை ஒட்டிய பதினோரு ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள் அவள்தான். தோள்வரை உறை மாட்டிய கையை மாட்டுக்குள் விட்டு வேலை பார்க்கிறவளுக்கு உயரம் எதற்கு? எந்த மாடும் அதைப் பற்றி இதுவரை விசாரித்ததில்லை. விசாரித்த முதல் ஜீவன் அவளுடைய மோட்டார் சைக்கிள்தான்.

முதலில் ஸ்கூட்டர்தான் வைத்திருந்தாள். அதன் சின்னச் சக்கரங்கள் வாய்க்கால் கரைச் சேற்றில் புதைந்தன. போதாக்குறைக்கு அவளோடு ஒரு கேனும் பயணம் செய்தது. மூன்று லிட்டர் அலுமினியக் கேன். உள்ளே நெருப்பில்லாமலே புகைகிற திரவ நைட்ரஜன். அதில் மூழ்கிக் கிடக்கும் உறைவிந்துக் குச்சிகள், பேனா ரீஃபில் மாதிரி மெல்லிசாக, ஒவ்வொன்றிலும் ஒரு காளையின் விந்து. கேன் சாய்ந்தால் நைட்ரஜன் கொட்டிவிடும். கொட்டினால் உள்ளே இருக்கும் காளைகளின் வீரமெல்லாம் வீண். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் அன்றைக்கே ஊசி விழ வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் மாடு தீனி தின்னும், மாட்டுக்காரர் தமிழ்ச்செல்வியைத் தின்பார்.

ஆகவே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். அது சேற்றில் நன்றாகத்தான் ஓடியது. நிற்பதில்தான் சிக்கல். உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனிகூடத் தரையில் படவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் ஒரு மைல்கல்லோ பாலத்துக் கட்டையோ வேண்டும். மோகனூர் சாலையில் எங்கெங்கே காலூன்றலாம் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் மதகடியில் எதிரே ஆட்டு மந்தை வந்தது. பக்கத்தில் கல் எதுவும் இல்லை. வண்டி சாய்ந்தது, கேன் உருண்டது, பதினாலு குச்சிகள் கெட்டன, அவளுடைய கணுக்கால் வீங்கியது. அன்றைக்கு அவளுக்காகக் காத்திருந்த காங்கேயம் மாடு மறுநாள் கத்துவதை நிறுத்திவிட்டது.

அவள் கணவன் குமரன் லாரி ஓட்டுகிறவன். பாதி மாதம் நாக்பூரிலும் மீதி மாதம் போனிலும் இருப்பவன். வண்டியை விற்றுவிடச் சொன்னான். தமிழ்ச்செல்வி யோசித்தாள். இனிமேல் தன்னை வளர்க்க முடியாது, வண்டியைக் குறைக்கலாம்.

வேலை மாட்டுக் கொட்டகையில் நடந்தது. படுத்துவிட்ட மாட்டைத் தூக்கி நிறுத்துவதுபோல, விட்டத்தில் கயிறு போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினாள். பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றினாள். சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் கடையில் குமரன் இரண்டு அங்குலம் குட்டையான ஜோடி ஒன்று வாங்கி வந்திருந்தான். மாட்டிப் பார்த்தாள். ஸ்பிரிங் மிக மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் மட்கார்டில் உரசியது. அடுத்த ஜோடி கட்டாந்தரை மாதிரி இருந்தது. மூன்றாவது ஜோடியைத்தான் ஒப்புக்கொண்டாள். அதையும் ஸ்பேனரால் ஒரு திருகு இறுக்கி, ஒரு திருகு தளர்த்தி, கேன் இருக்கும் இடத்தில் மூடியில்லாத தூக்குப்போசியில் மோர் ஊற்றிக் கட்டி, வாய்க்கால் கரையில் ஓட்டிப் பார்த்தாள். முதல் நாள் பாதிப் போசி மோர்தான் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஒரு கரண்டி மோர்தான் சிந்தியது.

பதினெட்டு அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குலச் சக்கரங்களை, அகலமான டயரோடு போட்டாள். முன்னும் பின்னும் ஒரே நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தாள். முன்பக்க ஃபோர்க் குழாய்களின் பிடியைத் தளர்த்தி, இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து சரியாக ஒரே அளவு மேலே ஏற்றினாள். எல்லாம் முடிந்து சைடு ஸ்டாண்டில் நிறுத்தியபோது வண்டி மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது. அதையும் ஒரு அங்குலம் அறுத்து வெல்டிங் வைத்தாள்.

ஆறாம் நாள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் படிந்தன. மாடு ஒன்று திரும்பிப் பார்த்தது. அவள் வெகுநேரம் இறங்கவேயில்லை.

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அவள் ஒரு பேனரைப் படித்தாள்.

ராசிபுரம் போகும் சாலையில் பழைய குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாகன உருவ மாற்றத் தணிக்கைப் பிரிவு என்றொரு அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. சாலைப் பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு அதன் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். வாகனத்தில் செய்த மாற்றத்தைத் தாமாக முன்வந்து தெரிவிப்பவர்கள் கௌரவிக்கப்படுவார்கள் என்று அதில் இருந்தது. குமரனும் போனில் அதையேதான் சொன்னான். “எழுதிக் குடுத்துரு. நாளைக்கு எவனாச்சும் புடிச்சா கேனையும் சேத்துப் புடிச்சுக்குவான்.”

அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர் கோகிலவாணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, உலகத்தைக் கட்டம் போட்ட தாளாகவே பார்க்கிறவர். மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் மூன்று தேர்வுகள்தான் இருந்தன: தயாரிப்புக் குறை, விபத்து, சட்டத் திருத்தம். கால் எட்டவில்லை என்பது இல்லை. உரிமையாளரின் உருவக் குறைபாடு என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தனக்குக் குறைபாடு ஒன்றுமில்லை, வண்டிதான் அதிகப்படி என்றாள் தமிழ்ச்செல்வி. அதற்கும் கட்டம் இல்லை.

மறுநாளே விழா. பந்தல், ஒலிபெருக்கி, நாற்பது நாற்காலி. தணிக்கை அலுவலர் சந்திரசேகர் தமிழ்ச்செல்வியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், அதற்கு மேல் தொப்பி. மைக்கை அவர் பிடித்தால் மைக்குக்குத்தான் கை வலிக்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

“இந்த அலுவலகம் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு,” என்றார். “இதுவரைக்கும் ஒருத்தர்கூட தானா வந்து உண்மையைச் சொன்னதில்லை. ஏன்? பயம். பயப்படறதுக்கு இங்க என்ன இருக்குதுன்னு நான் கேக்கறேன். இந்த அம்மா ஒருத்தர்தான் நம்மளை நம்பி வந்திருக்காங்க. இந்த நம்பிக்கைக்கு நாம என்ன செய்யப் போறோம்னு நாடே பாத்துக்கிட்டிருக்குது.”

அவர் பேசி முடித்தபோது, பந்தலுக்குப் பின்னால் கோகிலவாணி வண்டியின் முன் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி முடித்திருந்தார்.

பொன்னாடையோடு ஓடிவந்த தமிழ்ச்செல்விக்கு நடைமுறை விளக்கப்பட்டது. மாற்றத்துக்கு அனுமதி வாங்குமுன் மாற்றம் செய்திருப்பது குற்றம். மாற்றம் செய்யாமல் வந்திருந்தால் அனுமதி கேட்க ஒன்றும் இருந்திருக்காது என்பதும் உண்மைதான். இரண்டையும் அளவெடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சந்திரசேகர் தாமே டேப்பை எடுத்து இருக்கையின் உயரத்தை அளந்தார். பிறகு அவளை ஏறி உட்காரச் சொல்லி மறுபடியும் அளந்தார். ஒன்றரை அங்குலம் குறைந்தது. இறங்கச் சொன்னார். கூடியது. மூன்று தடவை இப்படிச் செய்தும் டேப் அவர் பக்கம் வரவில்லை.

“ஏம்மா, ஒரு வண்டிக்கு எப்படி ரெண்டு உயரம் இருக்கும்?”

“ஸ்பிரிங்குங்க. ஆள் உக்காந்தா எறங்கத்தானுங்க அது இருக்குது.”

“ஆளைப் பாத்து உயரத்தை மாத்திச் சொல்ற வண்டியை நான் எப்படிப் பதிவேட்டுல ஏத்தறது?”

பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டில், வேப்பமரத்தடிக்கு வண்டி போனது. கேனைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். கேன் வண்டியில் திருகு போட்டு இணைக்கப்பட்டிருப்பதால் அது வண்டியின் அங்கம் என்றார்கள். அங்கம் என்றால் பறிமுதல் பட்டியலில் எழுத வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கோகிலவாணி கேட்டார்.

“காளை விந்துங்க,” என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் தொழிலில் அது பால், தயிர் என்பதுபோல ஒரு சொல்.

கோகிலவாணியின் பேனா நின்றது. இருபது வருடமாக அவர் எழுதும் பதிவேட்டில் அப்படி ஒரு சொல் ஏறியதில்லை, ஏற்றுவதாகவும் இல்லை. எத்தனை காளை என்று மட்டும் கேட்டார். நாலு என்றாள் தமிழ்ச்செல்வி. இரண்டு ஜெர்சி, ஒரு காங்கேயம், ஒரு எருமைக்கடா. கோகிலவாணி நிம்மதியாக எழுதினார்: காளைகள் மூன்று, எருமைக்கடா ஒன்று. அடுத்த கட்டம் எடை. காளை ஒன்று எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார். ஐந்நூறு என்று தமிழ்ச்செல்வி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அந்த ஒரு பதிலுக்காகப் பிற்பாடு எத்தனையோ தடவை தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பட்டியல் கையெழுத்துக்குப் போனபோது சந்திரசேகர் அதை இரண்டு முறை படித்தார்.

“ரெண்டு டன்,” என்றார். “இருசக்கர வாகனத்துல ரெண்டு டன். இப்பத்தான் எனக்குப் புரியுது. நீங்க ஒண்ணும் வண்டியைக் குறைக்கலை. பாரம் தாங்காம அதுவா எறங்கியிருக்குது.”

தமிழ்ச்செல்வி விளக்கினாள். காளைகள் எங்கோ பண்ணையில் புல் தின்றுகொண்டிருக்கின்றன, இங்கே இருப்பது பதினெட்டு குச்சிகள், மொத்தம் ஒரு கைப்பிடி கனம்கூட வராது என்றாள். சந்திரசேகர் பொறுமையாகக் கேட்டார். பதிவேட்டில் இருப்பது உண்மை, அவள் சொல்வது விளக்கம், விளக்கம் கேட்பதற்கென்று விசாரணை இருக்கிறது என்றார். விசாரணை இருபது நாள் கழித்து.

மறுநாள் அவர் காளைகளைப் பார்த்துவிடும் எண்ணத்தோடு தனியே யார்டுக்குப் போய்க் கேனின் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்தது. மூடியைப் போட்டுவிட்டு மூன்றடி பின்னால் குதித்தார், காவலாளிதான் ஓடிவந்து அதை எடுத்து மூடினார். இன்ஜின் அணைந்த நிலையிலும் வாகனம் வெண்புகை கக்குகிறது என்று குறிப்பு எழுதி, புகைச் சான்றிதழ் கேட்டுத் தமிழ்ச்செல்விக்குக் கடிதம் அனுப்பினார்.

அவளுக்குக் கடிதம் கவலையில்லை. நைட்ரஜன்தான் கவலை. பத்து நாளைக்குள் மறுபடி ஊற்றாவிட்டால் பதினெட்டு குச்சிகளும் கெட்டுவிடும். இதற்கிடையில் போன் ஓயவில்லை. பதினோரு ஊர் மாடுகளும் பேசி வைத்துக்கொண்டதுபோலக் கத்தின. நாமக்கல்லில் பஸ் மாறி, தினமும் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வாய்க்கால் கரைக்கு நடந்தே போய் வேறு ஊர் ஊசிக்காரரிடம் கடன் வாங்கிய குச்சிகளை வைத்து இரண்டு மாடு பார்த்தாள். மூன்றாவது மாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் திட்டாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அதுதான் தமிழ்ச்செல்விக்கு வலித்தது.

எட்டாம் நாள் சந்திரசேகரிடம் போய், அவசரம் என்றாள்.

“சட்டத்துல அவசரம்னு ஒரு வார்த்தையே கிடையாது,” என்றார் அவர். “நான் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் தேடிப் பாத்திருக்கேன்.”

பறிமுதலான பொருளில் எதையாவது ஊற்றுவது சாட்சியத்தைக் கலைப்பதாகும் என்று கோகிலவாணியும் சேர்த்துச் சொன்னார். தமிழ்ச்செல்வி எழுந்து வாசல்வரை போனாள். அங்கே நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ஏனுங்க மேடம், உள்ள இருக்கறது காளைன்னுதானுங்களே எழுதியிருக்கறீங்க?”

“ஆமா.”

“புடிச்சு வெச்ச காளைக்குத் தீனி போடோணுமுங்களா, வேண்டாமுங்களா?”

கோகிலவாணி கண்ணாடியை மேலே தள்ளினார். விதிநூலை எடுத்தார். பறிமுதல் செய்த கால்நடைகளுக்கு வேளாவேளைக்குத் தீவனம் அளிப்பது பறிமுதல் செய்த அலுவலகத்தின் பொறுப்பு என்று அதில் தெளிவாக இருந்தது. எட்டு நாளாக நான்கு உயிர்களைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பதை உணர்ந்து அவர் முகம் வெளுத்தது. அன்று மதியமே நைட்ரஜன் வண்டி வந்தது, வாராவாரம் வரவும் ஏற்பாடானது. பதிவேட்டில் ஏறியது: தீவனம், புகையும் வகை, மூன்று லிட்டர், நான்கும் மிச்சமின்றி உண்டன. பக்கத்துக் கட்டம் சாணம். அதில் இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாள் தொடர்ந்து இல்லை என்றே வந்ததால் சந்திரசேகர் கலங்கிப்போய், கால்நடை மருத்துவருக்கு ஒரு கடிதம் தயாரிக்கச் சொன்னார்.

விசாரணை நாள் வந்தது. மேசைக்குப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். சந்திரசேகர் நடுவில் உட்கார்ந்து, சக்கரத்தின் விட்டம் என்பது மனித நாகரிகத்தின் விட்டம் என்று தொடங்கினார். வட்டமான ஒன்றை அலுவலகத்தின் அனுமதியில்லாமல் சிறியதாக்குகிறவர் நாளை பூமியையும் சிறியதாக்கக்கூடும் என்றபோது, வெளியே ஒரு மாடு அடிவயிற்றிலிருந்து கத்தியது.

வாய்க்கால்பாளையத்து ராசப்பன் குட்டியானை என்கிற சின்ன லாரியில் தன் மாட்டை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மூன்று வாரம் முன்னால் தமிழ்ச்செல்வி நடந்து போய்ச் சேர்வதற்குள் தவறிப்போன மூன்றாவது மாடு அதுதான். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, பச்சைத் துணிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“ஏனுங்க ஆபீசரு, அம்மிணியக் கொஞ்சம் உடுங்க. மாடு வெடிகாலையில இருந்து கத்துது. அதுக்கு விசாரணையெல்லாம் தெரியாதுங்க.”

காளைகள் பறிமுதலில் இருப்பதாகச் சந்திரசேகர் அவருக்குத் தெரிவித்தார். ராசப்பன் சுற்றுமுற்றும் காளையைத் தேடினார். மாடு இன்னொரு முறை கத்தியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தமிழ்ச்செல்வி எழுந்து நின்றாள். பாரம் அதிகம் என்பதுதானே தன் மேல் குற்றம், ஒரு காளையை இறக்கினால் பாரம் குறையுமா குறையாதா என்று கேட்டாள். கோகிலவாணி தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டு, ஐந்நூறு கிலோ குறையும் என்றார். கூடுதல் பாரத்தை அலுவலர் முன்னிலையில் இறக்கிய பிறகே வண்டியை விடலாம் என்று விதியும் இருந்தது. வேறு வழியில்லாமல் விசாரணை யார்டுக்கு நகர்ந்தது.

டீக்காரரின் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் வாங்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, குச்சியை அதில் அரை நிமிடம் போட்டாள் தமிழ்ச்செல்வி. துடைத்துக் கருவியில் பொருத்தினாள். கையுறையைத் தோள்வரை ஏற்றினாள். மாட்டின் கழுத்தைத் தடவி, “நில்லு சாமி” என்றாள். மாடு நின்றது. அலுவலகமே நின்றது. சந்திரசேகர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கோகிலவாணி மணி பார்த்து எழுதினார்: முற்பகல் 11.40, ஜெர்சி காளை ஒன்று இருசக்கர வாகனத்திலிருந்து இறக்கப்பட்டு மாட்டில் ஏற்றப்பட்டது.

செய்தி வாய்க்கால் கரை முழுக்கப் பரவியது. மறுநாள் மூன்று மாடுகள் வந்தன, அதற்கடுத்த நாள் நாலு. அந்த அலுவலகத்தின் இருபத்திரண்டு வருட வரலாற்றில், வந்த அன்றே வேலை முடிந்து திருப்தியோடு திரும்பியவை அந்த மாடுகள்தான். ஆனால் கோகிலவாணிக்கு ஒரு குழப்பம். முந்தின நாள் இறக்கிய அதே ஜெர்சி காளையை மறுநாளும் தமிழ்ச்செல்வி கேனிலிருந்து எடுத்தாள். நேற்று இறங்கிய காளை இன்று எப்படி வண்டியில் இருந்தது? அதே காளையின் குச்சிகள் இன்னும் ஏழு இருக்கின்றன என்ற விளக்கத்தை ஏற்க அவரிடம் கட்டம் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் காளை மதில் ஏறிக் குதித்துத் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொள்கிறது என்பதுதான் பதிவேட்டின்படி சரியாக வந்தது. அதைத் தடுக்கத் தவறியது ஏன் என்று காவலாளிக்கு மெமோ கொடுக்கப்பட்டது. மதிலில் கண்ணாடிச் சில்லு பதித்தும் காளை நிற்கவில்லை.

ஆறாம் நாள் இரண்டே குச்சிகள் மிச்சம் இருந்தன. யார்டில் தமிழ்ச்செல்வி கேனை மூடிக்கொண்டிருந்தபோது சந்திரசேகர் தனியாக வந்தார். வீட்டிலிருந்து அவர் மனைவி நாலு முறை போன் செய்துவிட்டாராம். அவர்கள் வீட்டு மாடு காலையிலிருந்து கத்துகிறதாம். போன மாதம் இப்படித்தான் விட்டுப்போயிற்றாம். இந்த முறையும் விட்டால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

“கொஞ்சம் அவசரம்மா,” என்றார்.

அந்த வார்த்தை எந்தப் பக்கத்தில் அகப்பட்டது என்று தமிழ்ச்செல்வி கேட்கவில்லை. மாடு என்ன தப்புச் செய்தது என்றுதான் நினைத்தாள். “போலாமுங்க. கேன் வண்டியோட அங்கமுங்களே. வண்டி இல்லாம எப்படிங்க?”

சந்திரசேகர் சுற்றும் பார்த்துவிட்டு, சாவியை எடுத்து, சங்கிலியைத் தாமே கழற்றினார். பின்னிருக்கையில் ஏறினார். குட்டையான வண்டியில் அவருடைய முழங்கால்கள் தத்துக்கிளி மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டன. அவர் வீடு இருந்த தெருவுக்குப் போகும் சாலை ஆறு மாதமாகத் தோண்டிப் போட்டபடி கிடந்தது. அவருடைய ஜீப்பில் போனால் தொப்பி கூரையில் இடிக்கும் சாலை. அன்று தொப்பி தலையிலேயே இருந்தது. மூன்று பள்ளமும் ஒரு வேகத்தடையும் தாண்டிய பிறகு, பின்னாலிருந்து குரல் வந்தது.

“குலுங்கவே இல்லையே.”

“ஸ்பிரிங்குங்க,” என்றாள் அவள். அதற்கு மேல் விளக்கவில்லை.

கொட்டகையில் அவர் மனைவி மாட்டை இழுத்துக் கட்டியிருந்தார். சந்திரசேகரிடம் வாலை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் தமிழ்ச்செல்வி. அவர் பிடித்தார். காங்கேயம் ஒன்றை இறக்கினாள். கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கேனை அதன் இடத்தில் வைத்துத் திருகினாள்.

“பத்து நிமிஷம் மாட்டப் படுக்க உடாதீங்க. வாலையும் உடாதீங்க. உட்டா அப்பறம் நான் பொறுப்பில்லீங்க.”

அவர் தலையசைத்தார். அவள் வண்டியில் ஏறினாள். இரண்டு பாதங்களும் தரையில் படிய, நிதானமாக அதைத் திருப்பினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“அம்மா, வண்டி யார்டுக்கு...”

மாடு நகர்ந்தது. உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். சந்திரசேகர் வாலை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வாயை மூடினார்.

“வாரேனுங்க,” என்றாள் தமிழ்ச்செல்வி. மோகனூர் பக்கம் திரும்பினாள்.

வண்டி யார்டைவிட்டுப் போனதாகப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்றால், சங்கிலியைக் கழற்றியது யார் என்று எழுத வேண்டும். எங்கே போனது, எதற்குப் போனது, கூடப் போனது யார் என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. சந்திரசேகர் ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதிவேட்டை மூடி, வண்டி இருக்கிறது என்றார். கோகிலவாணி தினமும் காலையில் வேப்பமரத்தடிக்குப் போய், தரையில் கிடக்கும் சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்து, இருசக்கர வாகனம் ஒன்று, இருப்பில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காவலாளிக்கு மெமோ எதுவும் போகவில்லை.

சித்திரை மாதத்தில் சிறப்பு வாகனத் தணிக்கைக்கு உத்தரவு வந்தது. சந்திரசேகரும் கோகிலவாணியும் மோகனூர் சாலையில் புளியமரத்து நிழலில் மேசை போட்டுக்கொண்டு, டேப்பும் கையுமாக நின்றார்கள். பதினோரு மணி வெயிலில் தமிழ்ச்செல்வி வந்தாள். கை காட்டியதும் நிறுத்தினாள். கல்லோ கட்டையோ தேடாமல், இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

“மாடு எப்படிங்க இருக்குது?” என்று விசாரித்தாள்.

“மூணு மாசச் சினை,” என்றார் சந்திரசேகர்.

கோகிலவாணி நம்பர் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

“சார், இந்த நம்பர் வண்டி நம்ம யார்டுல இருக்குது.”

“அப்ப இது வேற வண்டி,” என்றார் சந்திரசேகர்.

“வேற வண்டின்னா, இந்த நம்பரைப் போட்டுக்கிட்டு ஓடறதுக்குப் பிடிக்கணும் சார்.”

சந்திரசேகர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

“பிடிச்சு எங்க நிறுத்துவீங்க? வேப்பமரத்தடியிலதான் ஏற்கெனவே ஒரு வண்டி நிக்குதே.”

கோகிலவாணி யோசித்தார். பதிவேட்டின்படி அந்த இடத்தில் இன்னொரு வண்டிக்கு இடமில்லைதான். பேனாவை மூடினார். தமிழ்ச்செல்வி அதற்குள் கியர் போட்டிருந்தாள். அணியாபுரத்தில் ஒரு மாடு காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.